நீ கேட்ட மொச்சைக் குழம்பு

அன்புள்ள அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை இதுவரை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். "அம்மா, கிறிஸ்மஸுக்கு ஒரு மொச்சைக் குழம்பு வச்சியே, அது எப்படின்னு வெவரமா சொல்லு. நானும் நாலு தரம் வச்சுப் பாத்துட்டேன், அந்த ருசி வரவே மாட்டேங்குது. கல்யாணப் பந்திக்கு அதைத்தான் வைக்கணும்னு சமையல் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாய். பதில் சொல்ல நானும் போனில் அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்து, இரண்டு வார்த்தை பேசி, விட்டுவிட்டு, அழித்து, மறுபடி அழுத்தி என்று மூன்று நாளை ஓட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு ஒரு குழம்பு வைக்கிற விதத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அந்தக் குழம்பில் நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு இந்த வீட்டில் நீ கை நனைப்பாயா என்பது எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் நீ என்னை நம்பி ஊருக்கே அந்தக் குழம்பைப் பரிமாறப் போகிறாய். இரண்டில் எது கெட்டது என்று யோசித்து யோசித்துத் தலை கனத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபரில் நீ போனில் சொன்ன வார்த்தையிலேயே என் குழப்பம் தொடங்கிவிட்டது. "அம்மா, நான் கறி சாப்பிடறதை விட்டுட்டேன்" என்றாய். நம் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் கோழியும் சேரும். மீன் என்றைக்குமே கறி கிடையாது. வெள்ளிக்கிழமைகளும் தவக்காலமும் நமக்குச் சுத்தபோசனம். சுத்தபோசனம் என்றால் கறி ஆகாது, மீன் ஆகும், முட்டை ஆகும், பால் தயிரைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்த நாளிலிருந்து என் தலையில் பதிந்திருப்பது அதுதான். ஆகவே நீ ஏதோ வேண்டுதலுக்காக வருஷம் பூராவும் சுத்தபோசனம் இருக்கப் போகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "என் மகன் அவங்க அப்பாவுக்காக நேந்துக்கிட்டு இருக்கான்" என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அதில் இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். நீ கிறிஸ்மஸ் லீவுக்கு வருகிற அன்று காலையில் மீன்கடைக்குப் போய் நல்ல கட்லாவாகப் பார்த்து வாங்கிக் குழம்பும் வைத்து வறுக்கவும் செய்தேன். போதாததற்கு நாலு முட்டையையும் அவித்து வைத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்போடு நீ தட்டின் முன்னால் உட்கார்ந்தாய். தட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நான் கறி சாப்பிடறதில்லன்னு சொன்னேனேம்மா" என்றாய். "மீனு எப்படிலே கறியாகும்?" என்று நான் கேட்டேன். "மீனு என்ன செடியிலயா காய்க்குது?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. முட்டையை நீட்டினேன், அதுவும் இல்லை என்று தலையாட்டினாய். "சரி, ரசத்தை ஊத்தி, தயிரைப் போட்டுத் தின்னு" என்றேன். தயிரும் இல்லை. நெய்யும் இல்லை. காப்பியில் பாலும் இல்லை. சிறுமலைத் தேன் ஒரு பாட்டில் உனக்கென்றே வாங்கி வைத்திருந்தேன். அதையாவது கொடுக்கலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு வந்தவள், உன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே அலமாரிக்குத் திரும்பிப் போனேன். அன்றைக்கு நீ வெறும் ரசத்தை ஊற்றி, அப்பளத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாய். காய், கறி என்று ஒரு வெஞ்சனம் இல்லாமல் என் பிள்ளை என் வீட்டில் சாப்பிட்ட முதல் நாள் அதுதான்.

நானும் அறிவியல் டீச்சர்தான். சரிவிகித உணவு என்று பெரிய படம் ஒன்று வகுப்பில் தொங்கும். பால், முட்டை, மீன், கறி எல்லாம் ஒரு கட்டத்தில் இருக்கும். அதைக் குச்சியால் தொட்டுக் காட்டி, "இதைச் சாப்பிட்டால்தான் உடம்பு வளரும்" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். நீ வந்து அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டாய். அப்போ நான் சொல்லிக்கொடுத்தது தப்பா என்று கேட்டேன். "தப்பு இல்லம்மா, அதே சத்து பருப்புலயும் பயறுலயும் இருக்கு, அவ்வளவுதான்" என்றாய். அந்தப் படத்தில் பருப்பும் அதே கட்டத்தில் ஒரு மூலையில் இருந்தது என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான்தான் அந்த மூலையில் குச்சியை வைத்ததே இல்லை.

மறுநாள் நீ உன் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினாய். உனக்கு முப்பத்தொரு வயதுதான், அதற்குள் உன் அப்பாவின் தாளில் இருந்த மாதிரியே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. டாக்டர் கொழுப்பைக் குறை, காய்கறியைக் கூட்டு, நட என்றுதான் சொன்னாராம். அடியோடு விடுவது என்பது நீயாக எடுத்த முடிவு. "அப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கும்மா" என்று சொன்னாய். அப்பா போய் ஆறு வருஷத்தில் நீ பயம் என்ற வார்த்தையை என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான். அந்த இடத்தில் ஒரு நல்ல தாய் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னோடு உட்கார்ந்து, சரி அப்பு, என்ன சமைக்கலாம் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். நான் உன் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் போகிற அளவு தொளதொளவென்று இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை எலும்பும் தோலுமாக நிற்கிறானே என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டைக்குள் ஏறவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் நான் கறிக்கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும், "என்ன டீச்சரம்மா, தம்பி வந்திருக்காப்லயா? தொடைக்கறி எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். "கறி வேணாம் பாய், நெஞ்செலும்பு மட்டும் குடுங்க" என்றேன். "எலும்பு மட்டுமா? கிறிஸ்மஸுக்கா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். முட்டிவலிக்கு சூப்பு என்று சொன்னேன். அதுதான் முதல் பொய். நீ குளித்து, கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பிப் போன பிறகு, எலும்பைக் குக்கரில் போட்டு விசில் விட்டு, மேலே மிதந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்துக் கொட்டினேன். கொழுப்பைத்தான் எடுத்துவிட்டோமே, சத்து மட்டும்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். எலும்பைத் தாளில் சுற்றி அடுத்த தெரு நாய்க்குப் போட்டேன். நம் தெரு நாய்க்குப் போட்டால் நீ பார்த்துவிடுவாய் என்று பயம். இவ்வளவு கவனமாக நான் ஒரு பொதுத்தேர்வுக்குக்கூட மேற்பார்வை பார்த்ததில்லை.

இனி நீ கேட்ட செய்முறை. எழுதிக்கொள். பச்சை மொச்சை அரைக்கிலோ, உரித்தது. கத்தரிக்காய் நாலு. சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு ஒன்று முழுசாக. தக்காளி மூன்று. தேங்காய், சோம்பு, கசகசா வறுத்து அரைத்த விழுது. மல்லித்தூள், மிளகாய்த்தூள் உன் நாக்குக்கு ஏற்ற மாதிரி. நல்லெண்ணெய். புளி ஒரு சுண்டைக்காய் அளவு. மொச்சை வேகத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆட்டு நெஞ்செலும்புச் சாறு ஊற்றினேன், மூன்று சொம்பு.

எழுதிவிட்டேன். நீ இதைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாலும் வைக்கலாம். வைத்துவிட்டு, செத்த நேரம் கழித்தாவது மறுபடி எடு. அன்று நீ மூன்று கரண்டி வாங்கிக்கொண்டாய். விரலை நக்கினாய். "இதுதான்மா! செடியில இம்புட்டு ருசி இருக்குன்னு எவனுக்காவது தெரியுமா? கறிக்குழம்பு மாதிரியே இருக்கு" என்றாய். "மசாலா அரைச்சு ஊத்துனது அப்பு" என்றேன். அது இரண்டாவது பொய். உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். யாரை ஜெயித்தேன், உன்னையா, உன் நோயையா, உனக்கு அந்தத் தாளைக் கொடுத்த டாக்டரையா, இன்று வரை எனக்கு விளங்கவில்லை. நாலு நாள் அதையே செய்தேன். பருப்பில் ஊற்றினேன், ஒரு நாள் ரசத்தில்கூட ஊற்றினேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. உண்மையிலேயே தெளிந்திருந்ததா, நான் அப்படிப் பார்த்தேனா, அதுவும் தெரியாது.

ஜனவரியில் நீ மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாய். பெரிதாகக் குறையவில்லை என்றாய். "கவிச்சியே தொடலம்மா. அப்பவும் குறையலன்னா இது பரம்பரைதான். தப்பிக்க வழியில்ல போல" என்று சொன்ன உன் குரல் எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள் சாற்றினால் அப்படி ஆகுமா? ஆகாது என்றுதான் தோன்றுகிறது. நீ அந்த லீவில் பண்டிகைக்குச் சுட்ட முறுக்கையும் கலகலாவையும், அதில் நெய் இல்லை, பால் இல்லை, செடிதான் என்று டப்பா டப்பாவாகக் காலி பண்ணினாயே, அதனால் இருக்குமா? இருக்கலாம். எதனால் என்று நீ தெரிந்துகொள்ள முடியாமல் செய்துவிட்டேன், அதுதான் என் தப்பு. பம்பு மோட்டாரைச் சோதித்துப் பார்க்கிற வேலை உனக்கு. எதையாவது மறைத்துவிட்டுச் சோதனையை நடத்தச் சொன்னால் நீ ஒப்புக்கொள்வாயா?

இதைவிடப் பழைய ஒன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்து திரும்பிய பிறகு டாக்டர் கொழுப்பும் உப்பும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தார். வத்தலக்குண்டு பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக நின்றுகொண்டே கிடைத்த கடையில் கிடைத்ததைத் தின்று வளர்ந்த நாக்கு அது. வாரம் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், உனக்கும் உன் மாமாவுக்கும் நான் கறி பரிமாறும்போது, தன் தட்டில் இருக்கிற புடலங்காய்க் கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு கொழுப்புத் துண்டை அவர் சோற்றுக்கு அடியில் வைத்துவிடுவேன். அவர் விரலால் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நானும் பார்க்காத மாதிரி இருப்பேன், அவரும் ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பார். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அது நடந்தது. எங்களுக்குள் இருந்த அன்பிலேயே பெரிய அன்பு அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் டூட்டிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டக் குனிந்தவர் எழவில்லை. உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியாதது, முப்பது நாள் பூசை முடிந்ததும் நான் அந்த டாக்டரைத் தேடிப் போனேன் என்பது. அந்தக் கொழுப்புத் துண்டு விஷயத்தைச் சொன்னேன். "அதனாலதான் போயிட்டாரா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். "அப்படி ஒண்ணை மட்டும் கைகாட்டிச் சொல்ல முடியாதும்மா. சிகரெட் இருந்துச்சு, பரம்பரை இருந்துச்சு, வேலை அப்படி. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் ஆறு வருஷமாக நடுவில் நிற்கிறேன். அப்படி நிற்கிறவள் மறுபடியும் போய் எலும்பு வாங்கியிருக்கிறேனே, அப்பு, அதுதான் எனக்கே என்னைப் புரியாத இடம்.

உன் போன் வந்த ஜனவரியிலிருந்து நானும் உன்னைப் போலச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். பரிகாரமா, பிடிவாதமா, எதுவோ ஒன்று. நீ ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டாய், என்னால் முடியவில்லை. முதலில் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றினேன். அது எளிதாக இருந்தது, ஏனென்றால் இட்லியும் கம்பங்கூழும் என்றைக்கு மாடு ஆட்டைக் கேட்டன? பிறகு மத்தியானம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒரு விரல் அளவு வெஞ்சனத்தை வைத்துக்கொண்டு அதைச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைத் தலைகீழாக்கினேன். கீரை, அவரைக்காய், ஏதாவது ஒரு பயறு, இவை முக்கால் தட்டு. சோறு ஓரத்தில். சாயங்காலம் காராசேவுக்குப் பதில் ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டல், இல்லையென்றால் அவித்த வேர்க்கடலை. தயிருக்குப் பதில் எள்ளுப்பொடி போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். மோசமில்லை. காப்பியில்தான் தோற்றேன். வரக்காப்பி நாலு நாள் குடித்தேன், ஐந்தாம் நாள் பால்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். தோற்றதைத் தோற்றேன் என்றே எழுதுகிறேன், இனி உன்னிடம் பூசி மெழுகுவதாக இல்லை.

உனக்கு நான் புத்தி சொல்கிற நிலைமையில் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. செடியிலிருந்து வந்தது எல்லாம் நல்லது என்று நினைக்காதே. சீனியும் செடிதான், மைதாவும் செடிதான், கடையில் பொரித்த வாழைக்காய் சிப்ஸும் செடிதான். பால்கூடச் சேராத வீகன் என்று எழுதிய பாக்கெட் பிஸ்கட் ஒன்றை நீ விட்டுவிட்டுப் போனாயே, அதைத் தின்று பார்த்தேன், உப்பும் எண்ணெயும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒட்டன்சத்திரத்து லாரி கேரளாவுக்குக் கொண்டு போகிற காய்கறியில் பாதியை நாமே தின்றால் போதும், பாக்கெட் தேவையில்லை. பாலும் முட்டையும் அடியோடு விட்டால் பி-12 என்று ஒரு சத்து குறையுமாம், அதற்கு மாத்திரை வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டுக்கொள். இதைச் சொன்னது எனக்கு மருமகளாக வரப்போகிற அமலி. அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியும். என் சர்க்கரை இந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சாப்பாட்டாலா, தினமும் கோயில் வரை நடப்பதாலா, சாயங்காலக் காராசேவை விட்டதாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் அந்தக் குழம்பையும் விடவில்லை. எலும்பில்லாமல் அதே ருசியைக் கொண்டுவந்துவிட்டால் உன்னிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லையே என்று ஒரு நப்பாசை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒன்பது முறை வைத்துவிட்டேன். வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிப் பார்த்தேன். வேர்க்கடலையை வறுத்து அரைத்து ஊற்றினேன். காளான் வேகவைத்த தண்ணீரில் மொச்சையை வேகவிட்டது கொஞ்சம் கிட்டே வந்தது. ஆனால் அது இல்லை. கிறிஸ்மஸுக்குக் கிடைத்தது பச்சை மொச்சை, இப்போது கிடைப்பது ஊறவைக்கிற காய்ந்த மொச்சை, ஒருவேளை ருசி எலும்பில் இல்லாமல் அந்தப் பச்சை மொச்சையில்தான் இருந்ததோ என்றும் தோன்றுகிறது. உன் மாமா வேறு தினமும் வந்து, "திண்டுக்கல்லுல பிரியாணி இல்லாத கல்யாணமா? சொந்தக்காரன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்று குதிக்கிறார். "என் மகன் சொன்ன மொச்சைக் குழம்பைத் தின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்கண்ணே" என்று நானும் வாயடித்து அனுப்புகிறேன். எந்தக் குழம்பு என்று எனக்குத்தானே தெரியும்.

நேற்று முன்தினம் அமலி வந்தாள். லீவுக்கு வத்தலக்குண்டில் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கி எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது குழம்பைப் போட்டேன். பொறுமையாகச் சாப்பிட்டாள். "நல்லாருக்கு அத்தை. ஆனா அவுக சொன்ன குழம்பு இது இல்லையே" என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். "அன்னிக்கு எதுல வேக வச்சீங்க?" என்று கேட்டாள். "தண்ணியிலதான்" என்றேன். மூன்றாவது பொய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனை நோயாளிகள் மாத்திரையைப் போடாமலே போட்டேன் என்று சொல்வதைக் கேட்டிருப்பாள், அந்தப் பார்வைதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைப் போடும்போது சொன்னாள். "அவுக எங்க போனாலும் கேப்பாங்க அத்தை. கேன்டீன்ல, ஓட்டல்ல, எங்க வீட்டுலகூட, இதுல என்ன போட்டிருக்கு, என்ன எண்ணெய், நெய் உண்டான்னு கேட்டுட்டுத்தான் கை வைப்பாங்க. எங்கம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. உங்க கையில மட்டும்தான் கேக்காம சாப்பிடுறாங்க." சொல்லிவிட்டு, "வாரேன் அத்தை" என்று போய்விட்டாள். அவள் குற்றம் சொல்லவில்லை. அது எனக்குப் பெருமை என்று நினைத்துச் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பால்காரர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

கல்யாணப் பந்தியில் என்ன வைப்பது என்று நீயும் அமலியும் முடிவு பண்ணுங்கள். காளான் தண்ணீரில் வைத்த மொச்சைக் குழம்பை மாஸ்டருக்கு எழுதித் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ருசி ஒரு படி குறைவுதான், ஆனால் அது நீ கேட்ட மாதிரிக் குழம்பு. வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடு. உன் மாமாவின் பிரியாணிக் கூச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன், அது ஒன்றாவது எனக்குத் தெளிவாகத் தெரிந்த வேலை. டாக்டரிடம் போகும்போது கிறிஸ்மஸ் நாலு நாளையும் சொல்லிவிடு. முறுக்கையும் சேர்த்துச் சொல். தப்பிக்க வழியில்லை என்று மட்டும் முடிவு கட்டாதே, உன் கணக்கில் தப்பு இருந்தது, அந்தத் தப்பு நான்.

என்னை மன்னிப்பாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். அதைக் கேட்டால் நீ உடனே, பரவாயில்லம்மா விடு என்று சொல்லிவிடுவாய், அதையும் என்னால் நம்ப முடியாது. குருத்து ஞாயிறுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். வருவாயோ, இதைப் படித்துவிட்டு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாயோ, எனக்குத் தெரியவில்லை. வந்தால் பழைய மாதிரி உட்கார்ந்ததும் தட்டில் கை வைக்காதே. உன் கேன்டீன்காரனைக் கேட்கிறாயே, அமலியின் அம்மாவைக் கேட்கிறாயே, அதே மாதிரி என்னிடமும் கேள். எதில் வெந்தது, என்ன எண்ணெய், வேறு என்ன போட்டாய் என்று, மாமாவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, சத்தமாகக் கேள். நான் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். கேட்காமல் சாப்பிட உட்கார்ந்தாயானால், அப்பு, நான் உனக்குச் சோறு போட மாட்டேன்.

உன் அம்மா